மசாலா தேநீர் வாசனைத் திரவியங்கள்: டெல்டாவின் வெயிலுக்கும் ஈரத்துக்கும் எது பொருந்தும்?

மசாலா சேர்த்த பால் தேநீரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட வாசனைத் திரவியம் ஒன்றை வாங்க நினைப்பவர்கள் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் இப்போது இருக்கிறார்கள். சிறு நிறுவனங்கள் குறைந்த அளவில் செய்து விற்கும் 'நீஷ்' வகையைச் சேர்ந்தவை இவை. நம் ஊர் ஃபேன்சி ஸ்டோரில் போய் முகர்ந்து பார்த்து வாங்க முடியாது. பெரும்பாலும் கூரியரில் வரவழைக்க வேண்டும். விலையும் சாதாரண சென்ட்டைப் போலப் பல மடங்கு. ஆகவே, எதை வாங்குவது என்பதை யோசித்து முடிவெடுப்பது அவசியமாகிறது. நம் முன் இருக்கும் வழிகள் முக்கியமாக மூன்று: ஐரோப்பிய நிறுவனங்களின் தேநீர் வாசனைகள், இந்திய நிறுவனங்களின் தேநீர் வாசனைகள், அத்தர். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காவிரிப் படுகையில் வசிப்பவர் இஞ்சியும் தேயிலையும் முன்னே நிற்கும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாலும் சர்க்கரையும் முன்னே நிற்பதைத் தவிர்க்க வேண்டும். பாலின் குழைவு வேண்டுமென்றால் அதைச் சந்தனத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று நம் மூக்கின் பழக்கம், மற்றொன்று நம் காற்று.

டெல்டாவின் டீக்கடைத் தேநீரில் மசாலா பெரும்பாலும் கிடையாது. பாய்லரின் வெந்நீர், தனிப் பாத்திரத்தில் சுண்டும் பால், துணி வடிகட்டியில் இறங்கும் டிகாஷன், சர்க்கரை, இவற்றை உயரத் தூக்கி ஆற்றும் கைப்பழக்கம், அவ்வளவுதான். கேட்டால் இஞ்சி தட்டிப் போடுவார்கள், சில கடைகளில் ஏலக்காய் இருக்கும். பட்டையும் கிராம்பும் மிளகும் சேர்ந்த தேநீர் வடக்கிலிருந்து வந்தது, நாம் அதைப் பின்னாளில்தான் அறிந்தோம். வாசனைத் திரவியம் செய்பவர் 'மசாலா தேநீர்' என்று எண்ணிக் குப்பிக்குள் வைக்கும் பொருள்கள் நம் மூக்கில் தேநீராகப் போய்ச் சேர்வதில்லை. பட்டையும் கிராம்பும் சேர்ந்து வந்தால் நமக்குக் குருமா நினைவுக்கு வருகிறது, அல்லது வெள்ளிக்கிழமைப் பிரியாணி. கிராம்பு தனித்து நின்றால் தாம்பூலம், இல்லையென்றால் பல்வலிக்குத் தடவும் எண்ணெய். ஏலக்காய் பாலோடு வந்தால் பாயசம். ஏலக்காயின் எண்ணெயில் சினியோல் என்னும் பொருள் மிகுதி. அது தைலமரத்தின் எண்ணெயிலும் முதன்மையாக இருப்பது. அந்தக் குளிர்ச்சி சற்றுத் தூக்கலாக இருந்துவிட்டால் பெருமாள் கோயில் தீர்த்தத்தின் பச்சைக் கற்பூரம் பக்கமே மனம் போகும். இவற்றில் எதுவும் கெட்ட வாசனை இல்லை. ஆனால் தேநீரை விரும்பி வாங்கியவர் தம் சட்டையில் குருமாவைச் சுமந்து திரிய விரும்புவாரா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்தப் பட்டியலில் நமக்குத் தேநீரை நேராக நினைவூட்டுவது இஞ்சி மட்டுமே. இஞ்சியின் காரம் ஜிஞ்சரால் என்ற பொருளால் வருவது. அது எளிதில் ஆவியாகாது. ஆகவே ஆவியில் வடித்தெடுத்த இஞ்சி எண்ணெயில் நாக்கைச் சுடும் காரம் வருவதில்லை. தட்டிய இஞ்சியைக் கொதிநீரில் போட்டவுடன் எழும் எலுமிச்சை கலந்த மரவாசனைதான் வருகிறது. டீக்கடையைக் கடந்து போகும்போது நம்மை நிறுத்துவதும் இதே வாசனைதான் என்பதால், இஞ்சி முன்னிற்கும் கலவை நம்மிடம் இயல்பாகவே தேநீர் என்ற பெயரைப் பெற்றுவிடுகிறது. மிளகிலும் இதே கதைதான்: காரம் தரும் பைப்பரின் எண்ணெயில் ஏறாது, மணம் மட்டும் ஏறும்.

இனி காற்று. ஒரு வாசனைத் திரவியத்தில் உள்ள பொருள்கள் ஒரே வேகத்தில் ஆவியாவதில்லை. எலுமிச்சை வகைகளும் ஏலக்காயின் சினியோலும் முதலில் போய்விடும். இஞ்சி சற்று நிற்கும். கிராம்பின் யூஜினாலும் பட்டையின் சின்னமால்டிஹைடும் அதைவிட நிற்கும். வெனிலா மணம் தரும் வெனிலின், எத்தில் மால்ட்டால், கஸ்தூரி வகை மணமான மஸ்க் போன்றவை மாலைவரை ஒட்டிக்கொண்டிருக்கும். பாலின் மணத்தைப் பெரும்பாலும் லேக்டோன்கள் என்ற வகைப் பொருள்களால் கட்டுகிறார்கள். பாலின் கொழுப்பிலும் வெண்ணெயிலும் தேங்காயிலும் இயற்கையாகவே உள்ளவை அவை. சர்க்கரை பாகாகும் இனிப்பு மணத்தை மால்ட்டாலும் எத்தில் மால்ட்டாலும் தருகின்றன. குளிர்நாட்டில் இந்த அடுக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக நிதானமாக விரியும். நம் ஊரில் சித்திரை, வைகாசி வெயிலில் தோலின் சூடு மேலடுக்கைச் சீக்கிரமே துரத்திவிடுகிறது, அடியில் கிடக்கும் இனிப்பையும் அதே சூடு உரக்கக் கிளப்பிவிடுகிறது. காலையில் இஞ்சித் தேநீராகப் பூசிக்கொண்டது மதியத்துக்குள் திரட்டுப்பால் கிண்டிய உருளியைப் போல மணக்கத் தொடங்குவது இதனால்தான். ஈரம் மிகுந்த காற்றில் வியர்வை உலராமல் தோலில் நிற்பதால் அந்த இனிப்பு இன்னும் கனக்கிறது.

டெல்டாவுக்குள்ளும் வேறுபாடு உண்டு. படுகையின் தலைப்பில் இருக்கும் திருச்சியின் வெயில் சுடும், ஆனால் வியர்வை விரைவில் உலர்ந்துவிடும். அங்கே வாசனை வேகமாகக் கரைந்து போகிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடற்காற்று வெப்பத்தைக் குறைத்தாலும் ஈரத்தைக் கூட்டுகிறது. அங்கே வாசனை போகாமல் தேங்கி நிற்கிறது. ஒரே குப்பியைப் பற்றித் திருச்சிக்காரர் 'நிற்கவே இல்லை' என்றும் நாகைக்காரர் 'தலைவலி வந்துவிட்டது' என்றும் சொன்னால் இருவருமே சரியாகத்தான் சொல்கிறார்கள்.

இந்த இரண்டு அளவுகோல்களையும் கையில் வைத்துக்கொண்டு ஐரோப்பியக் குப்பிகளைப் பார்க்கலாம். மேலை வாசனைக் கலையில் தேநீருக்கு ஒரு தனி இடத்தை உண்டாக்கியது 1992இல் வாசனைக் கலைஞர் ழான்-க்ளோத் எலெனா இத்தாலிய நிறுவனமான பல்கேரிக்காகச் செய்த பச்சைத் தேயிலைக் கலவை. அதில் பால் இல்லை, மசாலா முன்னிற்பதும் இல்லை; ஆனால் தேயிலையின் மணத்தைச் சில பொருள்களின் கூட்டால் கட்டி எழுப்பலாம் என்பதை அது நிறுவியது. அதற்குப் பின் வந்தவற்றில் நம் பேச்சுக்கு நெருக்கமானவை இரண்டு. ஒலிவியா ஜியாகோபெட்டி 2000இல் பிரெஞ்சு நிறுவனமான லார்ட்டிசான் பர்ஃப்யூமருக்காகச் செய்த 'டீ ஃபார் டூ' ஒன்று. மரப்புகையில் உலர்த்திய சீனத் தேயிலையின் மணத்தோடு பட்டை, இஞ்சி, தேன் ஆகியவை அதில் சேர்கின்றன. விறகடுப்பில் டிகாஷன் இறக்கிய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் புகை அந்நியமாக இருக்காது. என்னைக் கேட்டால் அந்தக் கலவையின் உயிரே அந்தப் புகைதான். இனிப்பு இருக்கிறது, ஆனால் புகை அதை அடக்கி வைக்கிறது. மார்கழிக் காலையிலும் மழைக்கால மாலையிலும் இது அழகாக நிற்கும். கோடையில் பட்டையும் தேனும் மேலெழுந்துவிடும் என்பதால் அப்போது எடுத்து வைத்துவிடுவது நல்லது.

மற்றொன்று, கிறிஸ்டோபர் ஷெல்ட்ரேக் 2008இல் மற்றொரு பிரெஞ்சு நிறுவனமான செர்ஜ் லூட்டன்ஸுக்காகச் செய்த 'ஃபைவ் ஓக்ளாக் ஓ ஜின்ஜாம்ப்ர'. இதன் நடுவே இருப்பது சர்க்கரைப் பாகில் ஊறிய இஞ்சி. இஞ்சி முதன்மை என்பதால் என் அளவுகோலின் முதல் பாதியில் இது எளிதாகத் தேறுகிறது. இரண்டாம் பாதியில் பாகும் தேனும் குறுக்கே வருகின்றன. நம் ஊர்க்காரருக்கு இது தேநீரைவிட இஞ்சி முரப்பாவையே அதிகம் நினைவூட்டக்கூடும். முரப்பாவின் மணத்தை விரும்புகிறவர் தாராளமாக வாங்கலாம். விருப்பம் அதுதான் என்று தெரிந்து வாங்க வேண்டும். இவ்விரண்டிலும் பால் முன்னிற்பதில்லை என்பது கவனிக்கத்தக்கது: ஐரோப்பிய மரபின் தேநீர், இலைத் தேநீர். இவற்றைத் தவிர, பாலையும் சர்க்கரைப் பாகையுமே முன்வைத்து 'சாய் லாத்தே' என்ற போக்கில் வரும் கலவைகள் ஏராளம். அவற்றை நம் தட்பவெப்பத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். நாள் முழுதும் குளிரூட்டிய அறையில் வேலை செய்து, குளிரூட்டிய வண்டியிலேயே வீடு திரும்புகிறவருக்கு மட்டும் அவை ஒத்துவரலாம்.

இறக்குமதிக் குப்பிகளுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. விலையோடு சுங்கவரி சேரும். இடைத்தரகர் வழியாக வாங்கினால் போலிக்கும் பழைய சரக்குக்கும் இடமுண்டு. இவ்வகைக் கலவைகளில் சில, உற்பத்தி நிறுத்தப்பட்டுப் பிறகு திரும்பி வருபவை. பிடித்துப்போன ஒன்று தீர்ந்ததும் மறுபடி கிடைக்குமா என்பது உறுதியில்லை.

இந்திய நிறுவனங்களின் வழி இவ்விடத்தில் எளிதாக இருக்கிறது. மும்பையின் பாம்பே பெர்ஃப்யூமரி 2016இல் தொடங்கப்பட்டது. அதன் 'சாய் மஸ்க்' இந்த வகையில் நம்மவர் பலரும் முதலில் கேள்விப்படும் பெயர். என் மூக்குக்கு அதில் இஞ்சியும் எலுமிச்சைப் புல்லின் பசுமையும் முன்னே வருகின்றன. இனிப்பு பின்னே தங்குகிறது. முடிவில் மெல்லிய மஸ்க் தோலோடு ஒட்டி நிற்கிறது. டீக்கடைத் தேநீரின் அச்சுப் பிரதியை எதிர்பார்த்து இதை முகர்பவர்கள் 'டீ எங்கே?' என்று கேட்பதுண்டு. அந்தக் கேள்வி நியாயமானதே என்றாலும், டெல்டாவில் வாழ்பவர் அப்படி ஒரு பிரதியைத் தேட வேண்டிய தேவையில்லை என்பதே என் எண்ணம். உண்மையான இஞ்சித் தேநீர் தெருமுனையில் கொதித்துக்கொண்டிருக்கும் ஊரில், அதை அப்படியே நகலெடுத்த எந்தக் குப்பியும் அதன் பக்கத்தில் வைத்தால் தோற்றுவிடும். தேநீரிலிருந்து சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு தோலுக்கு ஏற்றபடி வேறொன்றாகச் செய்த கலவைதான் தாக்குப்பிடிக்கும். விலை, கிடைக்கும் எளிமை, வெயிலில் நடந்துகொள்ளும் விதம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், அன்றாடப் பயன்பாட்டுக்கு நான் முதலில் கைகாட்டுவது இந்த வகையைத்தான்.

அத்தரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பகுதியில் நேரில் முகர்ந்து வாங்கக்கூடியது இதுதான். நாகூர் தர்காவைச் சுற்றியுள்ள கடைத்தெருவில் இன்றும் சிறு குப்பிகளை வரிசையாக அடுக்கி வைத்து, புறங்கையில் தொட்டுத் தடவிக் காட்டுகிறார்கள். "தடவிக்கிட்டு ஒரு சுத்து சுத்திட்டு வாங்க தம்பி, அப்புறமா விலையைப் பேசலாம்" என்று ஒரு கடைப் பெரியவர் சொன்னதைவிட நல்ல ஆலோசனையை நான் எங்கும் கேட்டதில்லை. அத்தருக்குப் பெயர்பெற்ற ஊர் உத்தரப் பிரதேசத்தின் கன்னோசி. அங்கே செம்புக் கொப்பரையில் பூவையோ மசாலாவையோ நீரோடு கொதிக்கவிட்டு, எழும் ஆவியை மூங்கில் குழாய் வழியே சந்தன எண்ணெய் உள்ள கலத்தில் இறக்குகிறார்கள். மசாலா விரும்புகிறவர் கேட்க வேண்டிய பெயர் 'ஷமாமா'. பல வகை மூலிகைகளும் மசாலாப் பொருள்களும் சேர்த்துப் பல நாள் வேலையாகச் செய்யப்படும் கலவை அது. அதில் தேயிலை இல்லை. வெதுவெதுப்பான, ஆழ்ந்த, சற்றே மருந்துக்கடை நெடி கலந்த மசாலா மணம் அது. தேநீரைக் காட்டாது, ஆனால் தேநீரில் நாம் விரும்பும் சூட்டைக் காட்டும்.

அத்தரில் சாராயம் இல்லை. தோலில் மெல்ல எழும். அருகில் வருபவருக்கு மட்டும் தெரியும். சமய ஒழுக்கம் காரணமாகச் சாராயம் கலந்தவற்றைத் தவிர்ப்பவர்களுக்கு இதுவே இயல்பான வழி. ஆனால் சந்தன எண்ணெயின் விலை ஏறிவிட்டதால், மலிவு விலையில் விற்கப்படுபவற்றில் பல பாரஃபின் எண்ணெயிலோ வேறு கரைப்பான்களிலோ செய்யப்படுகின்றன. கிராம்பும் ஷமாமாவும் கலந்த எண்ணெய் வெள்ளை வேட்டியில் பட்டால் கறை எளிதில் போகாது. பட்டுப்புடவையில் அதைத் தொடவே கூடாது.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஒரு குறை தென்படுகிறது. இஞ்சி முன்னிற்கும் குப்பியில் பாலின் குழைவு போதாது. பால் உள்ளதில் இனிப்பு மிகுதி. அத்தரில் தேயிலை இல்லை. இங்கேதான் சந்தனம் உதவுகிறது. நல்ல சந்தன எண்ணெயின் மணத்துக்குக் காரணமான சாண்ட்டலால்களுக்குப் பாலாடை போன்ற ஒரு மென்மை உண்டு. ஆனால் சர்க்கரை கிடையாது. மணிக்கட்டிலோ மார்பிலோ சந்தன அத்தரை ஒரு பொட்டு தடவி, அது தோலில் அடங்கிய பிறகு இஞ்சித் தேநீர்த் திரவியத்தை ஒருமுறை மட்டும் மேலே தெளித்தால், அந்த இரண்டும் சேர்ந்து பால் தேநீரின் வடிவத்தைத் தருகின்றன. வெயில் ஏறும்போது அடியில் மிஞ்சுவது இனிப்பு இல்லை, சந்தனம். சந்தனம் நம் வெயிலுக்குப் புதிதும் இல்லை. நாகூர்க் கந்தூரியிலும் கோயில்களிலும் கல்யாண வீட்டு வாசல் தட்டிலும் அது இருந்துகொண்டேதான் இருக்கிறது. எனக்கு மிகவும் நிறைவு தந்த வழி இந்தக் கூட்டுத்தான்.

அணியும் இடத்தையும் பொழுதையும் பொறுத்தும் தேர்வு மாறும். கல்யாணத்துக்கு இவ்வகை எதையுமே நான் போடுவதில்லை: பந்தியிலிருந்து வரும் நெய், ஏலக்காய், முந்திரி மணத்தில் இது கரைந்து, சமையற்கட்டிலிருந்து வந்தவர் போலவே தோன்றச் செய்யும். மல்லிகையும் சாம்பிராணியும் கற்பூரமும் நிறைந்த கோயிலிலும் இதற்கு வேலையில்லை. கூட்டமான நகரப் பேருந்தில் பட்டை, கிராம்பு மிகுந்தவை பக்கத்தில் நிற்பவரைத் துன்புறுத்தும். ஒருமுறை தெளிப்பதே அங்கே அதிகம். அலுவலகம், நூலகம், நண்பர் வீடு, மாலை நடை, இவை பொருந்தும் இடங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் மிகுந்தாலும் சூடு குறைவதால் எல்லா அடுக்குகளும் நிதானமாக விரிகின்றன. மார்கழி, தை விடியலில் புகைத் தேயிலையும் ஷமாமாவும் மிக நன்றாக இருக்கும். சித்திரை தொடங்கி ஆடிக்காற்று வரும்வரை இஞ்சியும் எலுமிச்சைப் புல்லும் உள்ளவை மட்டும் போதும். துணியில் தெளிப்பதானால் உட்புறமாக, நிறமுள்ள பருத்தியில் தெளிக்கலாம். வெனிலின் நாளடைவில் பழுப்பேறும் இயல்புள்ளது. வெள்ளைச் சட்டையில் அது தெரிந்துவிடும்.

தோல் மென்மையானவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். பட்டையின் சின்னமால்டிஹைடும் கிராம்பின் யூஜினாலும் சிலருக்கு ஒவ்வாமை தருபவை. ஐரோப்பிய ஒன்றியம் அட்டைப்பெட்டியில் பெயர் குறிப்பிட வேண்டும் என்று முதலில் வகுத்த 26 பொருள்களில் இரண்டுமே இடம்பெற்றன. ஆகவே பெட்டியின் பின்புறத்தைப் படிப்பது பயனுள்ளது. முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒருநாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அரிப்போ சிவப்போ இல்லையென்றால் மட்டும் பயன்படுத்தலாம். வியர்க்குரு படர்ந்திருக்கும் மாதங்களில் கழுத்தில் தெளிக்கவே வேண்டாம்.

கடைசியாக, வாங்கும் அளவு. முதலில் 2 மில்லி மாதிரிக் குப்பிகளை வாங்குங்கள். அதில் ஏறக்குறைய 20 முறை தெளிக்கலாம், முடிவெடுக்க அது தாராளம். காகிதத்தில் முகர்வதோடு நிற்காமல் குளித்து உலர்ந்த தோலில் தெளித்து, தேய்க்காமல் விட்டுவிட வேண்டும். சமையலறையிலும் டீக்கடை வாசலிலும் சோதிக்காதீர்கள். அங்கே மூக்கு ஏற்கெனவே அந்த மணங்களுக்குப் பழகிப்போயிருக்கும். தெளித்த உடனும், ஒரு மணி நேரம் கழித்தும், மாலையிலும் முகர்ந்து, மூன்றாவது முறை வருவது உங்களுக்குப் பிடித்திருந்தால் மட்டும் குப்பி வாங்கலாம். நாளின் பெரும்பகுதியை நீங்கள் அதனோடுதான் கழிக்கப்போகிறீர்கள். இதையும் வெயில் காலத்தில் ஒருமுறை, மழைக் காலத்தில் ஒருமுறை செய்து பார்க்க முடிந்தால் நல்லது. 100 மில்லி எவ்வளவு சகாயமாகக் கிடைத்தாலும் 30 அல்லது 50 மில்லிக்கு மேல் வேண்டாம். நம் வீடுகளின் சூட்டில் இஞ்சி, எலுமிச்சைப் புல், ஏலக்காய் ஆகிய மேலடுக்குகள்தான் முதலில் கெடும், நாம் பணம் கொடுத்து வாங்குவதும் அவற்றுக்காகத்தான். குப்பியை அதன் பெட்டியோடு பீரோவின் கீழ்த்தட்டில், சுவரோரமாக இல்லாமல் துணிகளுக்கு நடுவே வையுங்கள்.